மேலே ஏறும் விஞ்ச்சில் நிகர விசை பூஜ்ஜியம்

பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையில் சில கிலோமீட்டரில் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். இங்கே சந்தைக்கு வரும் பழம் பெட்டிகளில் அடைபட்டு லாரி ஏறி வெளியூர் போய்விடும். மிச்சமுள்ளது சாலையோரத்தில், உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, கோயிலுக்குப் போகிறவர் வருகிறவர் கைக்கு வந்து சேரும். தெற்கே நிமிர்ந்தால் கொடைக்கானலுக்கு ஏறிப்போகும் மலைத்தொடர். மேற்கே தண்டாயுதபாணியின் மலை. விசை என்றால் என்ன, அது ஒரு பொருளை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள இந்தச் சுற்றுவட்டாரமே போதும். ஆய்வகம் தேவையில்லை.

சந்தையில் ஒரு பெட்டியைப் பிடிப்போம். பழத்தோடு சேர்த்து 22 கிலோ. சிமெண்ட் தரையில் கிடக்கிறது. லாரி நிற்கும் பக்கம் அதை நகர்த்த வேண்டும். தூக்கச் சோம்பல்பட்டு, குனிந்து இரண்டு கையாலும் தள்ளுகிறோம்.

விசையை நியூட்டனில் அளப்பார்கள். 100 கிராம் கொய்யா ஒன்றை உள்ளங்கையில் வைத்தால் அது கையைக் கீழே அழுத்துகிறதே, அது ஏறத்தாழ ஒரு நியூட்டன். அந்தக் கணக்கில் பெட்டியை 50 நியூட்டன் விசையோடு தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நகரவில்லை. 90 கொடுக்கிறோம். அப்போதும் நகரவில்லை. ‘உராய்வு அதிகம், அதனால் நகரவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கொஞ்சம் நின்று யோசித்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தரையின் உராய்வு எப்போதும் 100 நியூட்டன் என்று நிலையாக இருந்தால், நாம் 50 கொடுத்தபோது பெட்டி நம் பக்கமாக அல்லவா வந்திருக்க வேண்டும்? அப்படி வருவதில்லை. நாம் 50 கொடுத்தால் தரையும் எதிர்ப்பக்கம் 50 தான் கொடுக்கிறது. 90 கொடுத்தால் 90. கையை எடுத்துவிட்டால் உராய்வும் இல்லை. நிற்கும் பெட்டிக்கு அடியில் உராய்வு தேவைக்கேற்பக் கூடிக் குறைகிறது. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. நம் பெட்டிக்கு அது 110 நியூட்டன் என்று வைப்போம்.

111 கொடுத்ததும் பெட்டி சட்டென்று விடுபடுகிறது. விடுபட்டதும் இன்னொன்று நடக்கிறது: சறுக்கும் பொருளுக்கு உராய்வு குறைவு. 80 ஆகிவிட்டது என்போம். நம் கை இன்னும் பழைய வீம்பில் ஏறத்தாழ 110 கொடுத்துக்கொண்டிருக்கிறது. 30 நியூட்டன் மிச்சம். 22 கிலோ பொருளுக்கு இந்த 30 நியூட்டன், ஒவ்வொரு நொடிக்கும் வேகத்தை நொடிக்கு 1.4 மீட்டர் வீதம் கூட்டும். கனமான பீரோவையோ மூட்டையையோ தள்ளியவர்களுக்குத் தெரியும், நகர்ந்த கணத்தில் நாமே முன்னால் தடுமாறி விழப்பார்ப்போம். காரணம் அந்த மிச்ச விசைதான்.

சுதாரித்துக்கொண்டு தள்ளுவதை 80-க்குக் குறைக்கிறோம். இப்போது கை 80, உராய்வு 80. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. நிகர விசை பூஜ்ஜியம். பெட்டி நிற்குமா? நிற்காது. அந்த நேரத்தில் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்ததோ அதே வேகத்தில், அதே நேர்கோட்டில், லாரியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

மொத்தப் பாடமும் இந்த ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. விசைகள் சமன்பட்டால் பொருள் நின்றுவிடும் என்று நம்மில் பெரும்பாலோர் மனதுக்குள் நம்பிக்கொண்டிருக்கிறோம். பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களும் அதில் சேர்த்தி. சமன்பட்ட விசை பொருளை நிறுத்தாது. இருக்கிற இயக்கத்தைத் தொடாமல் விட்டுவிடும். நின்றிருந்தால் நிற்கும், போய்க்கொண்டிருந்தால் போகும். என்னைக் கேட்டால் இந்தக் குழப்பத்துக்கு முதல் குற்றவாளி பாடப்புத்தகத்தில் வரும் கயிறு இழுக்கும் படம். இரண்டு கட்சியும் சமபலத்தில் இழுக்க, கயிறு நடுவில் நிற்கும். சமன் என்றால் நிற்பது என்று அந்தப் படம் மனதில் பதிந்துவிடுகிறது. கயிறு ஏற்கெனவே ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்போது பலம் சமமானால் என்ன ஆகும் என்று அந்தப் படம் காட்டுவதில்லை.

கையை முழுதாக எடுத்துவிட்டால்? உராய்வின் 80 நியூட்டன் மட்டும் தனியாக நிற்கும். அது பின்னோக்கி இழுத்து வேகத்தைத் தின்னும். வேகம் தீர்ந்த கணத்தில் உராய்வும் காணாமல் போகும். அதனால்தான் பெட்டி நின்ற பிறகு நம்மை நோக்கித் திரும்பி வருவதில்லை.

இனி இடும்பன் கதை. பழனிப் பக்கம் தெரியாதவர் இல்லை. அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளையும் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கி வருகிறான் இடும்பன். களைத்துப்போய் இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்கப் போனால் மலை அசைய மறுக்கிறது. மேலே கோவணத்தோடு ஒரு சிறுவன் நின்று, இது என் மலை என்கிறான். பக்தி சொல்லும் காரணம் அது. அதோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் இடும்பன் மூச்சைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மலைக்கு அடியில் என்ன நடந்திருக்கும்?

மலையின் எடை கீழ்நோக்கி. தரை மலையைத் தாங்கிக் கொடுக்கும் விசை மேல்நோக்கி. இரண்டும் சமம், மலை நிற்கிறது. இடும்பன் மேல்நோக்கி ஒரு லட்சம் நியூட்டன் கொடுக்கிறான் என்போம். அவன் கொடுத்த அளவுக்குத் தரை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மேலே போகும் விசைகளின் கூட்டுத்தொகை மாறவில்லை. மலையும் அசையவில்லை. அவன் முயற்சி வீணும் இல்லை; அத்தனை நியூட்டன் பாரம் மலைக்கு அடியிலுள்ள தரைக்குக் குறைந்திருக்கிறது. அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அவன் இழுப்பு மலையின் எடையைத் தொடும்போது தரையின் பங்கு பூஜ்ஜியமாகும். அதற்கு மேல் ஒரு நியூட்டன் கூடினாலும் மலை கிளம்பியிருக்கும், மெதுவாகவாவது.

அசையாத பொருளில் விசையே இல்லை என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆயக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசுப் பணித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. வெளிமாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அந்தத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமான ‘இயக்க விதிகளை’ விடமாட்டார்கள். அவர்களை வழுக்கவைக்கும் ஓர் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெட்டியின் எடை கீழே, தரையின் தாங்கல் மேலே. இவை இரண்டும் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் வினையும் எதிர்வினையுமா? இல்லை. இவை இரண்டும் ஒரே பெட்டியின் மீது செயல்படுபவை, சமன்பட்ட விசைகள். வினையும் எதிர்வினையும் ஒருபோதும் ஒரே பொருள் மீது விழாது. பெட்டி தரையை அழுத்துகிறது, தரை பெட்டியைத் தாங்குகிறது, அது ஒரு ஜோடி. பூமி பெட்டியை இழுக்கிறது, பெட்டி பூமியை இழுக்கிறது, அது இன்னொரு ஜோடி. ஆம், பெட்டியும் பூமியை 216 நியூட்டன் விசையோடு இழுக்கத்தான் செய்கிறது. பூமியின் நிறைக்கு அது உறைக்காது.

சமன்படாத விசையைச் சுத்தமாகப் பார்க்க வேண்டுமானால் தோட்டத்துக்குள் போக வேண்டும். காம்பில் தொங்கும் 200 கிராம் கொய்யா மீது இரண்டு விசைகள்: எடை 2 நியூட்டன் கீழே, காம்பின் இழுப்பு 2 நியூட்டன் மேலே. காம்பு விட்டுப்போகிறது. மேலே இழுத்தது போய், எடை மட்டும் மிஞ்சுகிறது. வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் ஏறும். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் முக்கால் நொடியில் தரை. அப்போது வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல்.

இந்த வேகத்தில் விழுவதால் பழம் கெடுவதில்லை. வழியெல்லாம் அதன் மீது 2 நியூட்டன்தான் செயல்பட்டது, மரத்தில் தொங்கியபோதும் அதே 2 தான். கெடுவது நிற்கும்போது. கட்டாந்தரையில் விழுந்த பழம் ஒரு சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 300 சென்டிமீட்டர் தூரத்தில் சேர்ந்த வேகத்தை ஒரே சென்டிமீட்டரில் தரை அழிக்க வேண்டும். அதற்கு எடையைப் போல் 300 மடங்குக்குச் சற்று அதிகமான விசை வேண்டும், அதாவது ஏறத்தாழ 600 நியூட்டன். 60 கிலோ ஆள் அந்தப் பழத்தின் மீது ஒற்றைக் காலில் ஏறி நின்றதற்குச் சமம். கண நேரம்தான், ஆனால் அது போதும். மறுநாள் அந்த இடம் கறுத்துப்போயிருக்கும், வியாபாரி பழத்தைத் திருப்பிப் பார்த்துத் தள்ளிவைப்பார். நல்ல பழத்தைக் கையால் பறிப்பதும், எட்டாத கிளைக்கு வலை கட்டிய தொரட்டியை நீட்டுவதும், பெட்டிக்கு அடியில் காகிதமோ வைக்கோலோ போடுவதும் எல்லாம் ஒரே கணக்குத்தான்: நிற்க எடுக்கும் தூரத்தைக் கூட்டு. ஒரு சென்டிமீட்டர் முப்பது சென்டிமீட்டர் ஆனால் 600 நியூட்டன் 22 ஆகிவிடும்.

வானத்திலிருந்து விழும் மழைத்துளிக்கு வேறு விதி போலத் தோன்றும். இரண்டு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து துளி தடையின்றி விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகம் இருக்கும். வாழையிலை என்ன, ஓடே மிஞ்சாது. உண்மையில் பெரிய துளிகூட நொடிக்கு 9 மீட்டரைத் தாண்டுவதில்லை. விழ விழக் காற்றின் தடை கூடிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் துளியின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நிகர விசை பூஜ்ஜியம், வேகம் ஏறுவதில்லை. சாரல் நம் தலையில் விழும்போது ஒவ்வொரு துளியும் சமன்பட்ட விசைகளோடுதான் வந்து விழுகிறது.

இப்போது விஞ்ச்சுக்கு வருவோம். பழனியில் அதை இழுவை ரயில் என்று பலகையில் எழுதினாலும் வாயில் வருவது விஞ்ச்தான். 1966-ல் முதலாவது ஓடத் தொடங்கியது. பிறகு இன்னும் இரண்டு சேர்ந்தன. ஏறக்குறைய 700 படிகள் ஏற முடியாதவர்களை எட்டு நிமிடத்தில் மேலே சேர்த்துவிடும். கைக்குழந்தைக்காரர்கள், முட்டிவலிக்காரர்கள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓர் எஃகு வடம் இழுக்க, சரிவில் மெல்ல ஏறும்.

அது ஏறும்போது யார் ஜெயிக்கிறார்கள், வடமா புவியீர்ப்பா? வடம்தான் என்று யாரும் சொல்வார்கள், இல்லாவிட்டால் எப்படி மேலே போகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்டியும் ஆட்களும் சேர்ந்து 4,000 கிலோ, சரிவு 30 பாகை என்று கொள்வோம். எடையில் பாதி சரிவின் வழியே கீழே இழுக்கும், அது 19,600 நியூட்டன். சக்கரங்களின் உராய்வுக்கு ஒரு 400. புறப்படும் முதல் மூன்று நான்கு நொடிகளில் வேகம் பிடிக்க வடம் இதற்கு மேல் ஒரு 800 சேர்த்து, 20,800 கொடுக்கிறது. அந்த முதல் சில நொடிகளில்தான் வடம் ஜெயிக்கிறது. வேகம் பிடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு உச்சி நெருங்கும்வரை வடத்தின் இழுப்பு 20,000. கீழே இழுப்பவை 19,600-ம் 400-ம் சேர்ந்து 20,000. மேலே ஏறும் விஞ்ச்சில் நிகர விசை பூஜ்ஜியம். யாரும் ஜெயிக்கவில்லை, பெட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது.

இறங்கும்போது இன்னும் விநோதம். கீழே போகிறதே, அப்போது வடம் எந்தப் பக்கம் இழுக்கிறது? மேல்பக்கம்தான். எட்டு நிமிடமும் 19,200 நியூட்டன் விசையோடு மேல்நோக்கி இழுத்துக்கொண்டே பெட்டியைக் கீழே விடுகிறது. உராய்வு இப்போது கட்சி மாறி வடத்துக்கு உதவுவதால் 400 குறைந்திருக்கிறது. விசை ஒரு திசையில், இயக்கம் எதிர்த்திசையில். விசை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பொருள் போகும் என்ற நம்பிக்கை இங்கே உடைந்துபோகும். விசை தீர்மானிப்பது வேகம் எந்தப் பக்கம் *மாறும்* என்பதை மட்டும். எந்தப் பக்கம் போகிறது என்பது பழைய வரலாறு.

பக்கத்தில் 2004 முதல் ரோப் கார் ஓடுகிறது. மூன்று நிமிடத்தில் மேலே. ஒரு பக்கம் பெட்டிகள் ஏற மறுபக்கம் பெட்டிகள் இறங்கும். இறங்குபவர்களின் எடை ஏறுபவர்களின் எடையில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடுகிறது. மோட்டார் வித்தியாசத்தையும் உராய்வையும் பார்த்துக்கொண்டால் போதும். கிணற்றுத் துலாவில் கல் கட்டிய நம் பாட்டன்மார்களுக்கு இது புதிதல்ல. ஆடிக் காற்றில் ரோப் காரை நிறுத்தி வைப்பது ஏன் என்பதும் இதே விசைக் கணக்குத்தான். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அதை எதிர்க்க நேராகத் தொங்கும் பெட்டிக்கு எதுவும் கிடையாது. அதனால் பெட்டி சாய்கிறது. சாய்ந்ததும் தாங்கும் விசையும் சாய்ந்து, அதன் ஒரு பங்கு காற்றுக்கு எதிராக நிற்கிறது. காற்று ஒரே சீராக அடித்தால் பெட்டி சாய்ந்தபடியே சமனுக்கு வந்து நின்றுவிடும். காற்று அப்படி அடிப்பதில்லை. விட்டு விட்டு அடிக்கும். ஒவ்வொரு முறையும் சமன் குலைந்து பெட்டி ஊசலாடும்.

ஓடுவதற்கு விசை தேவையில்லை, மாறுவதற்குத்தான் தேவை என்பதை மனிதர்கள் ஒப்புக்கொள்ள இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அரிஸ்டாட்டில், தள்ளுவது நின்றால் ஓடுவதும் நிற்கும் என்றார். மாட்டுவண்டி ஓட்டிய யாரும் அதையே சொல்வார்கள். இங்கே வைசேஷிகம் என்ற தத்துவ மரபினர் அம்பைப் பற்றி யோசித்தார்கள். நாண் கொடுத்த உந்தலில் முதல் இயக்கம், அது அம்புக்குள் பதித்த ‘சம்ஸ்காரம்’ என்ற குணத்தால் அடுத்தடுத்த இயக்கம், அது தீர்ந்ததும் கனத்தால் விழுகிறது என்றார்கள். நுட்பமான சிந்தனை. இடைக்கால ஐரோப்பியர்களும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். வைசேஷிகத்தைத் தொடங்கிய கணாதர் நியூட்டனின் மூன்று விதிகளையும் அப்போதே எழுதிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அம்பு தொடர்ந்து போக ஏதோ ஒன்று அதற்குள் இருந்து செலவாகிக்கொண்டிருக்க வேண்டும் என்பது வைசேஷிகம். போய்க்கொண்டிருப்பதற்கு எதுவுமே வேண்டாம் என்பது நியூட்டன். இரண்டும் வேறு.

கலிலியோ 1632-ல் வெளியிட்ட நூலில், கப்பலின் அடித்தட்டில் மூடிய அறைக்குள் நம்மை உட்கார வைக்கிறார். உள்ளே பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன, தொங்கும் குப்பியிலிருந்து சொட்டுகள் கீழே இருக்கும் பாத்திரத்தில் விழுகின்றன. கப்பல் நின்றாலும் சரி, அலையாட்டமில்லாமல் ஒரே வேகத்தில் போனாலும் சரி, உள்ளே எந்த வித்தியாசமும் தெரியாது. விஞ்ச்சில் கண்ணை மூடி உட்கார்ந்தால் இதைச் சோதிக்கலாம். சக்கரங்களின் அதிர்வு காட்டிக்கொடுக்காவிட்டால் நடுவழியில் நிற்கிறதா போகிறதா என்று சொல்ல முடியாது. 1687-ல் நியூட்டன் இதை முதல் விதியாக வைத்தார். இரண்டாம் விதி அளவைச் சொன்னது: நிகர விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 எந்த எஞ்சினும் தள்ளாமல் இன்றும் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சூரியனின் ஈர்ப்பு பின்னால் இழுப்பதால் மிக மிக மெதுவாக அந்த வேகம் குறைகிறது. அதை முன்னால் தள்ள எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலையில் அதன் இறங்குகலமான விக்ரம் சுமார் 150 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய பழனி மலையின் உயரத்தில், சில நொடிகள் அந்தரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டது. எஞ்சினின் தள்ளுவிசையும் நிலவில் அதற்குள்ள எடையும் சமம். எரிபொருள் தீரத் தீர எடை குறைவதால் தள்ளுவிசையையும் கூடவே குறைத்துக்கொண்டு வர வேண்டும். அதற்காகத்தான் விசையைக் கூட்டிக் குறைக்கும் 800 நியூட்டன் எஞ்சின்கள் நான்கு. முந்தைய சந்திரயான்-2-ல், 2019-ல், ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல் விசை தந்தன, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின என்று இஸ்ரோவின் தலைவராக இருந்த சோமநாத் பின்னர் விளக்கினார். சமன்படாத விசை சிறிதானாலும், நேரம் கிடைத்தால் வேகத்தைச் சேர்த்துக்கொண்டே போகும்.

மலைச்சாலைக்குத் திரும்புவோம். பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். அதில் பஸ் ஏறியவர்களில் பாதிப்பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். விஞ்ச்சில் யாரும் வாந்தி எடுப்பதில்லை. கொண்டை ஊசி வளைவில் எடுக்கிறார்கள். பஸ் வளைவில் வேகத்தைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, சீராக 18 கிலோமீட்டரில் திரும்புகிறது என்றே கொள்வோம். வேகமானி முள் அசையவில்லை. ஆனாலும் திசை மாறுகிறது. திசை மாறினாலும் அது மாற்றம்தான், அதற்கும் நிகர விசை வேண்டும். 12 மீட்டர் ஆர வளைவில் 60 கிலோ பயணி ஒருவரைத் திருப்ப, வளைவின் மையத்தை நோக்கி 125 நியூட்டன் வேண்டும். ஜன்னலோரக் கம்பியோ, பக்கத்து இருக்கைக்காரரின் தோளோ, இருக்கையின் உராய்வோ அதைக் கொடுக்கிறது. வெளிப்பக்கம் யாரோ தள்ளுவதாக நமக்குத் தோன்றுவது, உடம்பு நேராகப் போக நினைப்பதால்தான். வெளியே தள்ளும் ஆள் யாரும் இல்லை.

நம் உட்காதில் கூழ் போன்ற படலத்தின் மீது பதிந்த நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. தலையின் வேகம் மாறினால் துகள்கள் பின்தங்கும், படலம் வளையும், நரம்பு செய்தி அனுப்பும். அருகிலுள்ள அரைவட்டக் குழல்கள் திரும்பலைக் கவனிக்கும். இந்த உறுப்புகளுக்கு வேகம் என்றால் என்னவென்றே தெரியாது. மாற்றம் மட்டும்தான் தெரியும். வளைவுக்கு வளைவு காது ‘மாறுகிறது, மாறுகிறது’ என்று கத்த, முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘ஒன்றும் மாறவில்லை’ என்று சொல்ல, மூளை குழம்பி வயிற்றைப் பிரட்டுகிறது. ஓட்டுநருக்கு வருவதில்லை, அவர் கண் சாலையில் இருக்கிறது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஓட்டுநரின் கைவண்ணம் தெரியும். 12 டன் பஸ், 15-க்கு 1 சரிவு. சரிவின் வழியே ஏறத்தாழ 8,000 நியூட்டன் அதைக் கீழே இழுக்கிறது. காற்றும் டயர்களும் சேர்ந்து ஓர் ஆயிரத்தைப் பார்த்துக்கொள்ளும். மீதி 7,000-ஐ எதிர்க்க ஆள் இருந்தால்தான் 30 கிலோமீட்டர் வேகம் 30-ஆகவே இருக்கும். அதை பிரேக்கிடம் மட்டும் விட்டால், அந்த வேகத்தில் 58 கிலோவாட் வெப்பம் பிரேக் டிரம்களில் இறங்கும். ஐம்பத்தெட்டு அயர்ன் பாக்ஸ்களை ஒரே நேரத்தில் போட்டுவிட்ட சூடு. சில கிலோமீட்டரில் லைனிங் கருகி வாடை அடிக்கும், அதன் உராய்வு குறையும், அப்போது மிதித்தாலும் பிடிக்காது. ஆகவே ஏறின கியரிலேயே இறக்கு என்பது மலை ஓட்டுநர்களின் சட்டம். தாழ்ந்த கியரில் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். எஞ்சின் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு 7,000-ல் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். பிரேக்குக்கு வளைவுகளில் மட்டும் வேலை.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால்? எதிர்க்க ஆளில்லாத 7,000 நியூட்டன் 12,000 கிலோவை நொடிக்கு நொடி வேகம் கூட்டும். பத்து நொடியில் 30 என்பது 51 ஆகிவிடும். அடுத்தது அதே 12 மீட்டர் வளைவு. திரும்பத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 18-ல் திரும்பியபோது வேண்டியிருந்ததைப் போல் எட்டு மடங்கு இப்போது வேண்டும். பஸ்ஸின் மொத்த எடையையும் தாண்டிய விசை அது. டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே, காய்ந்த சாலையிலும்கூட, அவ்வளவு உராய்வு கிடையாது.